போகக்கூடாத கூட்டம்

"சனிக்கிழமை நடக்கிற அந்தக் கூட்டத்துக்கு ஒருத்தியும் போகக்கூடாது" என்று வார்டன் ஹென்றி மிஸ் சொன்னதும் விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

ராயபுரத்தில் கடலைப் பார்த்தபடி இருந்தது அந்தக் கல்லூரிப் பெண்கள் விடுதி.

"என்ன கூட்டம் மிஸ்?" என்று யாரோ ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

"சொல்லவே நாக்குக் கூசுது. புருஷன் பெண்சாதிக்குள்ளே நடக்கிறது, கர்ப்பம் தரிக்கிறது, அதைத் தள்ளிப்போடுறது, எல்லாத்தையும் ஒரு டாக்டரம்மா படம் போட்டு விளக்கப் போறாங்களாம். மூணு மணிக்கு, லைப்ரரி மாடியிலே. முன்வாசல்லே நானே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பின்பக்கப் படிக்கட்டுக் கதவுக்குப் பூட்டு ரிப்பேர். அந்த வழியா நுழைஞ்சுடலாம்னு யாரும் கனவு காண வேண்டாம்."

தேவகிருபைக்கு அந்தக் கூட்டத்துக்குப் போகவேண்டும் போலிருந்தது. பி.ஏ. கடைசி வருஷம். பரீட்சை முடிந்த கையோடு கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடியில் மொத்த வியாபாரம்.

லாஜிக் படித்திருந்தாள், சரித்திரம் படித்திருந்தாள். கல்யாணத்தன்று ராத்திரி என்ன நடக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அம்மாவிடம் கேட்டதற்கு, "எல்லாம் தானா தெரியும், போ" என்றாள். கல்யாணமான அக்காவிடம் கேட்டாள். அக்கா பதில் சொல்லாமல் அழுதாள். அன்றிலிருந்து தேவகிருபைக்குக் கல்யாணம் என்றாலே பயம்.

"கூட்டத்துக்கு வாரியாட்டீ?" என்றாள் அறைத்தோழி ஆவுடையம்மாள்.

"மிஸ் என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"என்னமும் நினைக்கட்டும். இம்புட்டு வேண்டாம்னு சொல்லுதாகன்னா, உள்ள என்னமோ இருக்கு."

சனிக்கிழமை இரண்டு பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்படியில் ஏறினார்கள். பாதிக்கு மேல் ஏற முடியவில்லை. மேலே ஒரே நெரிசல். தலைவலி என்று படுத்தவள், சர்ச்சுக்குப் போகிறேன் என்று கிளம்பினவள், கூட்டத்தைத் தடுக்கிறார் என்று வார்டனைப் பற்றிப் பிரின்சிபாலிடம் புகார் எழுதப்போவதாகச் சொன்னவள், எல்லாரும் செருப்பும் கையுமாக நின்றார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்து அசடு வழிந்தார்கள்.

உள்ளே பேச வந்திருந்த டாக்டர் கன்னியம்மா தண்டையார்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை. டாக்டரான பிறகும் அந்தப் பக்கத்துப் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

"இன்னாம்மா, அல்லாரும் தரையப் பாத்துகினு கீறீங்க? என் மூஞ்சி நல்லாத்தானே கீது?"

சிரிப்பில் பாதி பயம் போயிற்று. அடுத்த ஒரு மணி நேரம் டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். கடைசியில், "கேள்வி இருந்தா கேளுங்க" என்றார்.

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தேவகிருபைக்கும் ஒரு கேள்வி இருந்தது; கேட்க வெட்கமாக இருந்தது.

அப்போது முன்கதவு திறந்தது. ஹென்றி மிஸ்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"வந்ததுதான் வந்துட்டீங்க. கேள்வி வேற கேட்டு மானத்தை வாங்காதீங்க" என்றார் மிஸ். "உங்க புத்தி எனக்குத் தெரியாதா? 'பயமா இருந்தா, இன்னிக்கு வேண்டாம்னு புருஷன்கிட்டே சொல்லலாமா'ன்னு ஒருத்தி கேட்பா."

அது தேவகிருபையின் கேள்வியேதான்; அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சொல்லலாம், சொல்லணும்" என்றார் டாக்டர். "சொல்றது தப்பில்ல. சொல்லியும் கேக்காதவன்தான் தப்பு."

"நான் உங்களைக் கேட்கலை டாக்டர். 'ரொம்ப வலிச்சா என்ன செய்யறது'ன்னு இன்னொருத்தி கேட்பா."

"பயந்துகினு இருந்தாலே வலிக்கும். அவசரப்படாம இருந்தா சரியாப் பூடும். அப்பவும் வலிச்சா ஆஸ்பத்திரிக்கு வரணும். பல்லைக் கடிச்சுகினு கம்முனு கெடக்கக்கூடாது."

"'வேலைக்குப் போற வரைக்கும் குழந்தையைத் தள்ளிப்போட முடியுமா'ன்னு கேட்கறதுக்கும் ஒரு வெட்கங்கெட்டவ இருப்பா."

"முடியும். வழி கீது" என்று டாக்டர் மறுபடி சாக்பீஸை எடுத்தார்.

இப்படியே மிஸ் திட்டத் திட்ட, டாக்டர் பதில் சொல்லிக்கொண்டே போனார். தேவகிருபைக்கு அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. இதையெல்லாம் அவளுக்கு எழுதிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"இந்த வாரம் யாருக்கும் பீச் கிடையாது" என்று தண்டனையும் கொடுத்துவிட்டுத்தான் மிஸ் நகர்ந்தார்.

"கல்நெஞ்சக்காரி" என்று முணுமுணுத்தபடி பெண்கள் கலைந்தார்கள்.

டாக்டரின் படச்சுருளைத் தூக்கிக்கொண்டு தேவகிருபை டிராம் நிற்கும் இடம் வரை கூடவே போனாள்.

"மன்னிச்சுக்கிடுங்க டாக்டர். உங்களை வச்சுக்கிட்டே எங்க மிஸ் அப்படிப் பேசிட்டாங்க."

டாக்டர் சிரித்தார். "என்னை இட்டாந்ததே அவங்கதாம்மா. போன வருசமும் வந்தேன். 'அவசியம் வாங்க'ன்னு கடைசி வருசப் பொண்ணுங்களை மட்டும் ஒவ்வொரு ரூமாப் போய்க் கெஞ்சினாங்க. ரெண்டே பேரு வந்தாங்க. மிச்சப் பேரு நல்ல பொண்ணுங்களா ரூம்ல குந்திகினாங்க. அதுல ஒண்ணு, கண்ணாலம் ஆனப்புறம் ஒண்ணும் தெரியாம, சாகக் கெடந்து என் வார்டுக்கு வந்துச்சு."

"ஐயோ. அப்புறம்?"

"பொயச்சிகிச்சு. ஆனா அது கண்ணு முழிக்கிற வரைக்கும் உங்க மிஸ் பக்கத்துல குந்தி அழுதுகினே இருந்தாங்க."

டிராம் வந்துவிட்டது. படச்சுருளை வாங்கிக்கொண்டு டாக்டர் ஏறினார். படியில் நின்றபடி திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்குத்தான் சொன்னாங்க. 'நான் நல்லவளா இருந்து கூப்பிட்டா இந்தப் பொண்ணுங்க வராதுங்க டாக்டர். அடுத்த வருசம் நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன்.'"