அழுக்கு என்ஜின்

ஹர்ஷினியின் விரல் நுனிகள் கறுத்திருந்தன. பிரீத்திக்கு அது போதும்.

"கையக் காட்டு" என்றாள்.

"எதுக்குக்கா?"

"அக்காங்காத. கையக் காட்டு."

மேஜைமேல் பிரீத்தி கொண்டுவந்து சற்றுமுன் சணல் அவிழ்த்த செருப்புப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே அவள் கையால் செய்த நீராவி என்ஜின், ஒரு சாண் நீளம், இப்போதுதான் பெயின்ட் அடித்து இறக்கியதுபோல் பளபளவென்று இருந்தது. அதுதான் அநியாயம். இரண்டு மாதம் பாடுபட்டு அவள் அதை அழுக்காக்கியிருந்தாள்.

விருதுநகர் ஸ்டேஷன் பக்கம் ராஜசிங் அண்ணாச்சியின் கடை. முன்பக்கம் பொம்மையும் பள்ளிக்கூடப் பையும், பின்பக்கம் குட்டி ரயில்களும் தண்டவாளமும். பெங்களூர்க்காரர் ஒருவர் பழைய மீட்டர்கேஜ் ரயில் யார்டு ஒன்றை அப்படியே சின்னதாகச் செய்து தரக் கேட்டிருந்தார். கரியும் துருவுமாக, ஓடிக் களைத்த வண்டிகளாக இருக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. இன்றைக்கு இந்த இருவரில் யாருடைய என்ஜின் அசலாகத் தெரிகிறதோ, ஆர்டர் அவளுக்கு. ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கும்.

அது கிடைத்தால், சிவகாசி அச்சகத்தில் காலண்டர் அடுக்குகிற வேலையைப் பிரீத்தி விட்டுவிடலாம். வீட்டிலேயே முதல் பட்டதாரி, அடுக்குவது தினசரி காலண்டர். அவள் என்ஜினும் அந்த அச்சகத்தின் கழிவு அட்டையில் பிறந்ததுதான். ஹர்ஷினியுடையது பித்தளை. அப்பா வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மோட்டார். அவளுக்கு இது பொழுதுபோக்கு. அதை நினைத்தாலே பிரீத்திக்கு வயிறு எரியும்.

அந்த அப்பாவின் பட்டாசுக் கம்பெனியில்தான் பிரீத்தியின் அம்மா மாடத்தி வெடிக்கு மருந்து அடைக்கிறாள். வேலை விட்டு எம். புதுப்பட்டிக்கு வந்ததும் தெருக்குழாயிலேயே நக இடுக்கு வரை தேய்த்துக் கழுவி, சேலையை உதறிவிட்டுத்தான் வாசல்படி ஏறுவாள். ஒரு பொட்டு மருந்து வீட்டுக்குள் வந்தாலும் அவளுக்குத் தூக்கம் வராது. அம்மாவுக்குத் தேய்ந்துபோன நகங்கள்தான் இந்தப் பிள்ளையின் விரலில் ரோஸ் பூச்சோடு மினுங்குகின்றன என்று பிரீத்திக்குத் தோன்றும்.

"தண்டவாளத்தத் தொடச்சேன், அந்தக் கறுப்புதான்" என்றாள் ஹர்ஷினி. "அழுக்கு இருந்தா கரண்டு ஏறாதுல்ல? உங்களோடதும் அதுலதான ஓடணும்."

"தண்டவாளத்த மட்டுந்தான் தொடச்சியாக்கும்."

"உங்க பெட்டியத் தொடக்கூட இல்லக்கா."

"நான் டீ குடிக்கப் போனப்ப இங்கன யாரு இருந்தா? பேயா?"

ராஜசிங் தலையைச் சொறிந்தார். "நான் உள்ள சரக்கு எடுக்கப் போயிட்டேன் தாயி. பாக்கல."

"அப்ப இதப் பாருங்க அண்ணாச்சி." பிரீத்தி கைப்பேசியை நீட்டினாள். நேற்றுச் சாயங்காலம் பெட்டிக்குள் வைத்துச் சணல் கட்டுமுன் எடுத்த படம். புகைபோக்கியைச் சுற்றி அடுப்புக் கரித்தூள், சக்கரத்தில் செங்கல்பொடி. மேலே வார்னிஷ் கிடையாது. வார்னிஷ் அடித்தால் தூசி தூசியாகத் தெரியாது, பெயின்டாகத்தான் தெரியும்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "எங்கய்யா ரயில்வேயில கரி அள்ளுனவரு. அவரு கண்ணுக்கே இது பொம்மைன்னு தெரியாது." பிறகு ஹர்ஷினி பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒங்கிட்ட இல்லாதது என்ன இருக்கு இந்தப் பிள்ளகிட்ட? இப்படிப் பண்ணிட்டியே."

"நான் பண்ணல அண்ணாச்சி."

"அம்புட்டு இருந்தும் அவுகளுக்குப் பத்தல" என்றாள் பிரீத்தி. "எங்கம்மா கையத் தேச்சாச்சு. இப்ப என் கையி."

"உங்கம்மா எங்க கம்பெனியிலயா இருக்காங்க?"

"பாத்தீகளா அண்ணாச்சி? பதினாறு வருசமா இருக்கா. மொதலாளி மகளுக்குத் தெரியல."

ஹர்ஷினி பித்தளை என்ஜினைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். "ஆர்டர அவங்களுக்கே குடுத்துருங்க அண்ணாச்சி. நான் ஓட்டல." வாசலில் நின்று திரும்பினாள். "படத்துல பாத்தேன்க்கா. என்னால அந்த மாதிரி செய்ய முடியாது."

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. தோற்றுப்போயும் எப்படி இவளால் நல்லவளாகப் பேச முடிகிறது என்று பிரீத்திக்கு இன்னும் எரிந்தது. அதற்கும் வசதி வேண்டும்போல.

ராஜசிங் பெங்களூருக்குப் படத்தை அனுப்பினார். அஞ்சு நிமிஷத்தில் பதில் வந்தது. ஆர்டர் பிரீத்திக்கு.

அவள் கடைப்படியில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை, மாடத்தி வீட்டில்தான் இருந்தாள்.

"அம்மா, எனக்குத்தாம்மா ஆர்டர்."

"கெடைக்கும்னு எனக்குத் தெரியும் பாப்பா. எல்லாரும் ஒன் வண்டிய உத்துப் பாத்தாகளா?"

"பாத்தாங்கம்மா."

"பெறகு, பாக்காம? அது மேல பூரா மருந்துத் தூசி அப்பிக் கெடந்துச்சு. காலையில நாந்தான பெட்டியப் பிரிச்சு, ஒரு பொட்டு இல்லாம தொடச்சு வச்சேன்."