எட்டாவது பாட்டு

ஸ்டூடியோவில் இருந்தவர்கள் மூன்று பேர்: பாட வந்த இன்பராஜ், ஒலிப்பதிவு செய்யும் மாசிலா, செங்குளவி இசைக்குழுவின் இறந்துபோன பாடகன் ரூபனின் மனைவி ஜெனிட்டா.

ரூபனின் குரலை ஊசி வழியாக இன்பராஜின் தொண்டையில் ஏற்றியிருந்தார்கள். குழுவின் 'மண்ணெண்ணெய்' ஆல்பத்தை அவன் முழுதாகப் பாட வேண்டும். எட்டுப் பாட்டுக்கும் ஜெனிட்டா சரி என்று சொன்னால்தான் சொந்தக் குரலைத் திருப்பித் தரும் ஊசி கிடைக்கும்.

ஏழு பாட்டுக்குச் சரி என்றாள். எட்டாவதைக் காலையிலிருந்து பாடிக்கொண்டிருந்தான். நடுவில் மகளுக்குப் போன் செய்தான். "அப்பா இல்ல அங்கிள், பாடப் போயிருக்காரு" என்று வைத்துவிட்டாள்.

"இதுக்கு மேல எப்படிக்கா பாடுறது?" என்று ஜெனிட்டாவிடம் கேட்டான்.

"இன்னும் வரல தம்பி."

"அப்படியே ரூபன் அண்ணன்தான்க்கா" என்றாள் மாசிலா. "எனக்கே பயமா இருக்கு."

ஜெனிட்டா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "வீட்ல வச்சுப் பழகினா வந்துடும். ஊசியும் அங்கதான் ஃப்ரிட்ஜுல இருக்கு. வா தம்பி."

அவன் போனான். அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான்.

"ஏங்க, செருப்பையும் உள்ள எடுத்துக்கோங்க" என்றாள் ஜெனிட்டா.

அவன் உள்ளே வந்ததும் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.