தலைகீழ் மயில்

சாக்குமூட்டையில் வந்து இறங்கும் காலி மருந்துப் பெட்டிகளில், அசல் மருந்து என்பதற்கு அடையாளமான வெள்ளி மயில் ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் ஜெபசீலிக்கும் தனராஜுக்கும் பிழைப்பு. பெட்டிக்குள் எதை நிரப்புவார்கள் என்று இருவரும் கேட்டதில்லை. தனராஜ் மட்டும் நூற்றில் ஒன்றையாவது வேண்டுமென்றே தலைகீழாக ஒட்டுவான்.

“ஏங்க, மறுபடியும் மயிலைக் கவுத்துட்டீங்களே!”

“இருக்கட்டும் புள்ள. எந்த ஊருக்குப் போனாலும் இது உன் புருசன் கைன்னு தெரியும்லா.”

மழை மாதத்தில் அவனுக்கு நிமோனியா வந்தது. ஐந்து நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. இந்த மருந்துக்குமா கேட்கவில்லை என்று டாக்டரே குழம்பினார். ஆறாம் நாள், ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடையில் வாங்கிய மருந்துப் பெட்டியை நர்ஸிடம் கொடுக்கும்போதுதான் ஜெபசீலி பார்த்தாள். மயில் தலைகீழாக நின்றது.

“சிஸ்டர், இது வேண்டாம்...”

“ஒரிஜினல்தாம்மா. ஸ்டிக்கர் இருக்கு பாருங்க.”

மூச்சு வாங்கிக்கொண்டே தனராஜும் எட்டிப் பார்த்தான். வறண்ட உதடுகளில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

“ஏ புள்ள, நம்ம பெட்டி!”

விரலால் மயிலை ஆசையாகத் தடவிவிட்டு, அந்தக் கையையே அவன் ஊசிக்கு நீட்டினான். ஜெபசீலி அதைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். நர்ஸ் எத்தனை சொல்லியும் விடவில்லை.