எல்லாருக்கும் பத்து

"உனக்கு மட்டும் என்னடி பதினொண்ணு புள்ளி நாலு?"

பத்மஜா மேடம் போட்ட சத்தத்தில் லேப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேடம் பாடம் நடத்துவது இங்கிலீஷில். திட்டுவது மட்டும் அவரவர் தாய்மொழியில். மும்பை மாட்டுங்காவின் அந்தக் கல்லூரியில் இது பிரசித்தம். தாராவியிலிருந்து வரும் சஃப்ரீனுக்குத் தமிழில் விழுந்தது.

"மூணு தடவை செஞ்சு பார்த்தேன் மேடம். மூணு தடவையும் அதேதான் வருது."

"மூணு தடவையும் ஒரே தப்பைப் பண்ணியிருக்கே. கேரம் போர்டுல காயினை ஒரே இடத்துக்கு அடிச்சா போறுமா? அங்கே பாக்கெட் இருக்க வேண்டாமோ? லேட்டா வேற வந்தே!"

வகுப்பு சிரித்தது. சஃப்ரீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

வேலை என்னவோ சின்னதுதான். கீழே குடுவையில் அமிலம். மேலே நீளக் குழாயில் காரக் கரைசல். சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறமே இல்லாத அமிலம் லேசாக ரோஸ் ஆகிற நொடியில் நிறுத்த வேண்டும். எத்தனை மில்லி இறங்கியதோ அதுதான் விடை. பத்து வர வேண்டும். வகுப்பில் எல்லாருக்கும் பத்து வந்துவிட்டது.

"ரோஸ் வந்தப்புறமும் குழாயை மூடாம கனவு கண்டுண்டு நின்னிருப்பே."

"இல்ல மேடம். பத்துல கலரே வரல."

"இன்னொரு தரம் பண்ணு. பத்து வரலேன்னா இன்டர்னல்ல ஜீரோ."

ஜீரோ விழுந்தால் அடுத்த வருடம் கெமிஸ்ட்ரியை மறந்துவிட வேண்டியதுதான். சஃப்ரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடுவையைக் கழுவி, மறுபடி ஆரம்பித்தாள்.

பதினொன்று புள்ளி நாலு.

பக்கத்து மேஜையிலிருந்து அஷ்வத் கிசுகிசுத்தான். "அரே, பத்துன்னு எழுதித் தொலையேன். உனக்கென்ன போச்சு?"

"வரலியேடா."

இருந்தாலும் பேனாவை எடுத்தாள். ஒன்று போட்டாள். பக்கத்தில் சைபர் போடத்தான் கை வரவில்லை. இன்னொரு ஒன்றே வந்து விழுந்தது.

எட்டிப் பார்த்த மேடத்துக்குப் பொறுக்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"எல்லாரும் இங்கே வாங்கோ. எப்படிப் பண்ணணும்னு நானே காட்டறேன்."

வகுப்பு சுற்றி நின்றது. மேடம் ஒரு கையால் குழாயைத் திருகி, மறு கையால் குடுவையைச் சுழற்றினார். என்ன லாகவம்! எட்டு. ஒன்பது. பத்து.

குடுவையில் இருந்தது தண்ணீர் மாதிரி அப்படியே இருந்தது.

மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பத்தரை. பதினொன்று. பதினொன்று புள்ளி நாலில், வெட்கப்பட்டது போல் குடுவை ரோஸாயிற்று.

மேடம் இன்னொரு தரம் செய்தார். அதே ரோஸ். அதே இடம்.

"நயினார், இந்தக் கரைசல் எப்போ போட்டது?"

லேப் உதவியாளர் நயினார் முன்னால் வந்தார். "தீபாவளி லீவுக்கு முந்திப் போட்டது மேடம். மூடி சரியா மூடாம கெடந்திருக்கு போல."

அதுதான் விஷயம். காற்றுப் பட்டுப் பட்டு காரத்தின் வீரியம் குறைந்திருந்தது. அதே அமிலத்துக்குக் கூடுதலாக இறங்கத்தான் செய்யும்.

"நீ உக்காரும்மா" என்றார் மேடம் சஃப்ரீனிடம். 'டி' போய் 'அம்மா' வந்ததில் சஃப்ரீனுக்கு மறுபடி கண் கலங்கியது.

பிறகு மேடம் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"அப்போ உங்க எல்லாருக்கும் பத்து எங்கேர்ந்து வந்துது? பொய் ரீடிங்! சயன்ஸ் படிக்க வந்தேளா, கதை எழுத வந்தேளா? யார் சொன்னா பத்துன்னு? எனக்கு இப்போ தெரிஞ்சாகணும்."

நயினார், ஏற்கெனவே பளபளத்த பீக்கர் ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"அஷ்வத், நீ சொல்லு."

"வேணாம் மேடம்."

"சொல்றியா, பிரின்சிபால்கிட்ட அழைச்சுண்டு போகட்டுமா?"

அஷ்வத் நயினாரை ஒரு பார்வை பார்த்தான்.

"காலைல லேப் வாசல்ல நின்னுட்டிருந்தோம் மேடம். 'நீங்க ஒரு தடவை செஞ்சு பார்த்துட்டு ரீடிங் சொல்லுங்க மேடம்'னு நயினார் அண்ணாச்சி கேட்டார். 'அதுக்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கு, பத்துன்னு எழுதிக்கோ'ன்னு... நீங்கதான் மேடம் சொன்னீங்க."