சரியா முந்நூறு

முந்நூறு பேரில் ஒருவர் குறைந்தாலும் அந்த மலைக்கிராமத்தைப் பக்கத்து நகரத்தோடு இணைத்துவிடுவார்கள். இன்று மாலை ஐந்து மணிக்குப் பதிவேட்டில் உள்ளதே கடைசிக் கணக்கு. நாலரைக்கு மினேயோ கிராம அலுவலகத்துக்குள் நுழைந்தான்.

எழுத்தர் தோகாஷி துள்ளி எழுந்தார். "வாடா மினேயோ! சரியா முந்நூறு! நம்ம பள்ளிக்கூடம், பஸ்ஸு எல்லாம் தப்பிச்சுது. ஆமா, ஆஸ்பத்திரில உன் வீட்டுக்காரிக்கு எப்படியிருக்கு?"

மினேயோ ஒரு தாளை மேசைமேல் வைத்தான். "காலையில போயிட்டா. இதைப் பதிஞ்சாத்தான் எரிக்க அனுமதி குடுப்பீங்களாமே."

தோகாஷி படித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"தங்கமான பொண்ணுடா," என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "போய் ஒரு டீ குடிச்சிட்டு, அரை மணி நேரம் கழிச்சு வர்றியா?"