மூன்றாவது தடவை

கோலில் ஆளே இல்லை. அப்படியும் சிறுமி பந்தை வெளியே அடித்தாள்.

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார் அவள் அப்பா.

நடுவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சார், இதோட ரெண்டு தடவை. மூணாவது தடவை கத்தினா கேட்டுக்கு வெளியேதான் நிக்கணும். கிளப் ரூல்.”

“என் பொண்ணை நான் திட்டுறேன். உங்களுக்கென்ன வலிக்குது?”

அடுத்த பந்தையும் அவள் கோட்டைவிட்டாள். “தண்டம்! தண்டம்!” என்று அப்பா தொண்டை கிழியக் கத்த, நடுவர் விசிலடித்து ஆட்டத்தை நிறுத்தி அவரை வெளியேற்றினார். இந்த மனுஷனோடு குழந்தை எப்படித்தான் குப்பைகொட்டுகிறதோ!

அதன்பின் பத்தே நிமிடத்தில் அவள் மூன்று கோல் போட்டாள்.

“இவ்வளவு நல்லா ஆடுறியே, மொதல்ல ஏம்மா அப்படிச் சொதப்பினே?” என்றார் நடுவர்.

அவள் கேட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மூணு தடவை கத்தினாத்தானே அங்கிள் அப்பாவை வெளியே அனுப்புவீங்க?”