சிங்கத்தை ஜெயித்த பல்லி

"வீட்டிலிருந்தே ஒரு வாரம் ஒரு விலங்கைக் கவனித்து எழுதி வா" என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் வகுப்பு ஆதிரை செல்போனைப் பார்த்து, நோட்டில் பெரிதாகச் 'சிங்கம்' என்று எழுதினாள்.

டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்த பல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூணு வருஷமா இதே சுவர்ல இருக்கேன். எங்கேயோ இருக்கிற சிங்கம்தான் இவ கண்ணுக்குத் தெரியுதா?"

"நம்மைப் பார்த்தா துடைப்பத்தைத்தான் தேடுவாங்க. பேசாம இரு" என்றது மூலையிலிருந்த சிலந்தி.

பல்லி கேட்கவில்லை. நோட்டுக்கு நேர் மேலே வந்து நின்று கத்தியது. அம்மா காலண்டரைத் திருப்பிப் பலன் தேடினாள். ஆதிரையோ நிமிர்ந்து பார்த்து, சிங்கத்தின் மேல் கோடு போட்டுவிட்டு, 'பல்லி, ஏழு தடவை கத்தியது' என்று எழுதினாள்.

அதன்பிறகு தினமும் பல்லி வெளிச்சத்துக்கு வந்து, ஒவ்வொரு பூச்சியையும் அவளுக்குத் தெரியும்படி நிதானமாகத் தின்று காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு வந்தாள். ஆதிரை இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றாள். "அடிக்காதேம்மா! அது என் ஹோம்வொர்க்!"

அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"பார்த்தியா? எந்தச் சிங்கத்துக்காவது இப்படி ஒருத்தர் குறுக்கே நின்னிருக்காங்களா?" என்று பல்லி வாலை ஆட்டியது.

சிலந்தி அன்று சாயங்காலமே வலையைச் சுருட்டிக்கொண்டு, நோட்டுக்கு நேர் மேலே குடிவந்துவிட்டது.